லாட்ஜ் சுவரில் ஏறிய மலை

புரொஜெக்டரைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று இன்று காலை எடுத்தேன். மெல்லிய துணியால் முன்கண்ணாடியைத் துடைத்து, பின்பக்கத்துக் காற்றுத் துளைகளில் ஊதினேன். உள்ளேயிருந்து எண்ணெய்ப் புகை வாசனை வந்தது. நல்லெண்ணெயும் கருகிய திரியும் கலந்த வாசனை. கார்த்திகை தீபத்தன்று மாலை முழுவதும் அதன் விசிறி தெருவின் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்ததல்லவா, நம் தெரு அகல்கள் விட்ட புகையில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டிருக்கிறது. துடைப்பதை நிறுத்திவிட்டேன். வாசனை அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. உனக்கு எழுத வேண்டும் என்றும் தோன்றியது.

நீ இருந்திருந்தால் இந்தப் பெட்டியைப் பார்த்ததும், "வாத்தியாரே, நீயா வாங்கின? நெஜமா நீயாவா?" என்று கேட்டிருப்பாய். நானேதான் வாங்கினேன். யாரும் கூட வரவில்லை. கடையில் இரண்டு சட்டை காட்டினால் இரண்டையும் மடித்து வைத்துவிட்டு வெளியே வருகிறவன் வாங்கினேன்.

நாம் பழகியதே எனக்கு முடிவெடுக்கத் தெரியாததால்தான். கீழ்பென்னாத்தூரில் இயற்பியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிது. கூட்டமாக வரும் பேருந்தில் ஏற எனக்குப் பயம். அடுத்தது காலியாக வரும் என்று விட்டுவிடுவேன். அடுத்ததும் அப்படியே வரும். ஒரு நாள் நீ கண்டக்டராக இருந்த பேருந்து வந்து நின்றது. படியில் கால் வைப்பதா வேண்டாமா என்று நான் நின்றேன். நீ குனிந்து என் தோள்பையைப் பிடுங்கினாய். உள்ளே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் மடியில் அதை வைத்தாய்.

"பை ஏறிடுச்சு சார். நீங்க வர்றீங்களா, பை மட்டும் போவுதா?"

பேருந்தே சிரித்தது. ஏறிவிட்டேன். உள்ளே நசுங்கிக்கொண்டு நின்றவனிடம் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும்போது, "நின்னுக்கினு யோசிக்காதீங்க சார். ஏறுங்க மொதல்ல. எடம் தானா வரும்" என்றாய். கொஞ்ச நாளில் 'சார்' போய் 'வாத்தியாரே' வந்தது. நான் உன் தெருவிலேயே வீடு வாங்கியதும் நீ எனக்காக எடுத்த முடிவுதான். அதைப் பற்றி எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டே வாசலிலிருந்து மலையைப் பார்க்க முடியாத தெரு நம்முடையது. எதிர்வரிசை வீடுகள் மறைக்கும். உன் வீட்டு மொட்டைமாடியில், அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் உச்சி தெரியும். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் படி ஏறத் தெம்புள்ளவர்கள் எல்லாரும் உன் மாடியில் இருப்பார்கள். மற்றவர்கள் அவரவர் வாசலில், எண்ணெய் ஊற்றித் திரி போட்ட அகல்களோடு, வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மலையில் ஏற்றும் முன் வீட்டில் ஏற்றக் கூடாதே. மேலே ஏற்றியாயிற்று என்று கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு நீ இருந்தாய். உச்சியில் தீ தெரிந்த கணத்தில் கண்டக்டர் விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதுவாய். பேருந்துக்கு ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. "அண்ணாமலையாரு ரைட்டு குடுத்துட்டாரு, ஏத்துங்கம்மா!" என்று மாடியிலிருந்து கத்துவாய். அரோகரா என்று தெரு முழங்கும். வாசலுக்கு வாசல் சுடர் தாவும்.

கீழே முதல் அகல் எப்போதும் உன் மனைவியுடையது. முழங்கால் வலியால் அந்தத் தங்கச்சி மாடிப்படி ஏறி நான் பார்த்ததில்லை. மலையில் தீபம் ஏறுவதை ஒரு முறையும் கண்ணால் பார்க்காமல், உன் விசிலை மட்டும் நம்பித் தெருவிலேயே முதலில் ஏற்றியவள் அவள். மாடியில் யாராவது கைப்பேசியில் தீபம் பார்த்தால் நீ விட மாட்டாய். "மலைய குனிஞ்சா பாப்பாங்க? அண்ணாந்து பாரு" என்று முகவாயைப் பிடித்து நிமிர்த்துவாய்.

அப்புறம் லாட்ஜ் வந்தது. எதிர்வரிசையில் பழைய வீடுகளை இடித்துவிட்டுக் கட்டினார்கள். முகப்பு அந்தப் பக்கத்துச் சாலையில் இருந்தது. நமக்குக் கிடைத்தது அதன் முதுகு, ஒரு சன்னல்கூட இல்லாத சுவர். தளம் தளமாக ஏறியபோதெல்லாம் நீ மாடியில் நின்று, "இன்னும் தெரியுது வாத்தியாரே" என்பாய். உன் கடைசித் தீபத்தில் தூண்களின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தெரிந்தது. "மலைய ஜெயில்ல போட்டுட்டானுங்க" என்று சொல்லிக்கொண்டே ஊதினாய். மேல்தளச் சுவர் எழும்புவதற்குள் நீ போய்விட்டாய்.

அந்த வருடம் உன் வீட்டில் விளக்கில்லை. துக்க வருடம், யாரும் எதிர்பார்க்கவில்லை. போன வருடம் ஏற்றியிருக்கலாம். தெருவில் ஒருவர் தொலைக்காட்சியைப் பார்த்து ஏற்றினார், ஒருவர் வெடிச்சத்தம் கேட்டு ஏற்றினார், ஒருவர் அவசரப்பட்டு முன்பே ஏற்றிவிட்டு வாயில் அடித்துக்கொண்டார். உன் வீட்டு வாசல் மட்டும் இருண்டு கிடந்தது. கதவைத் தட்டி, "தங்கச்சி, மலையில ஏத்திட்டாங்கம்மா" என்றேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "யாருண்ணா ஊதினாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் ஒரு வருடம் அதைக் கீழே வைக்கவில்லை.

இந்த ஐப்பசியில் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் வழக்கம்போலக் கூடிப் பேசினார்கள். இஸ்திரி வண்டிக்காரர் முருகேசன், "அதான் டிவி இருக்கே. அவங்கவங்க வூட்ல பாத்து ஏத்திக்கினா போச்சு" என்றார். உன் மனைவி ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "எங்க வூட்ட இந்த வருசமும் உட்டுடுங்க. இனிமே எப்பவும் உட்டுடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்வதுபோல் சொன்னாள். அந்த 'இனிமே எப்பவும்' என்னைக் குத்தியது. உன் வீடு ஒரு வருடம் இருண்டால் துக்கம். எப்போதும் இருண்டால் பழக்கமாகிவிடும்.

"நான் மலையைக் காட்டறேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்.

"எங்க சார் காட்டுவீங்க?" என்றார் முருகேசன்.

"அந்தச் சுவத்துல."

எல்லாரும் லாட்ஜின் முதுகைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போவதற்குள் செய்தி என் மனைவியை எட்டிவிட்டது. "ஒரு மிக்சி வாங்க இந்த மனுசனுக்கு ஆறு மாசம் ஆச்சு. இவரு புரொஜெக்டர் வாங்கறதுக்குள்ள அண்ணாமலையாரே எறங்கி நம்ம தெருவுக்கு வந்துடுவாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். தவறு சொல்ல முடியாது. எனக்கும் அதே பயம்தான். தெருவைக் கூட்டி வைத்துக்கொண்டு வெறும் சுவரைக் காட்டினால் என் மானம் போவது இருக்கட்டும், உன் வீட்டுக் கதவு அப்புறம் எதற்குமே திறக்காது.

பயந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அளப்பேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு லாட்ஜ் சுவரடியில் போய் நின்றேன். எந்த நேரம் வரை பொடி எழுத்தைப் படிக்க முடிகிறது என்று பார்த்தேன். மலைமேல் தீபம் ஏறுவது ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு இன்னும் இருட்டுவதில்லை. தலைப்பைப் படிக்கலாம், செய்தியைப் படிக்க முடியாது, அப்படியோர் அரைவெளிச்சம். ஒரு நல்ல விஷயமும் கண்டேன். மலை நமக்கு மேற்கே இருக்கிறது. லாட்ஜின் முதுகு கிழக்கே பார்த்தது. சூரியனை முதலில் மலை மறைக்கிறது, மிச்சத்தை லாட்ஜே மறைக்கிறது. ஊரில் மற்ற இடங்களைவிட அந்தச் சுவரில் சீக்கிரமே பொழுது சாய்ந்துவிடும். மலையை மறைத்த சுவர் அந்த ஒரு வகையில் எனக்கு ஒத்தாசையாக நின்றது.

செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் பக்கமாக ஒரு கடை இருக்கிறது. புரொஜெக்டர் விற்பார்கள், கல்யாணத்துக்கு வீடியோவும் எடுப்பார்கள். நிழல்போல உள்ளே நுழைந்தேன்.

"வாங்க சார். எந்தப் படம் பாக்கறதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"மலை."

"மலைய பத்தின படமா சார்?"

"இல்லைங்க. மலை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பின்னறைக்கு அழைத்துப் போனார். திரை இழுத்துவிட்ட இருட்டறை. உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை மேசையில் வைத்தார். சுவரில் கடலுக்குள் மீன்கள் நீந்தின. கண்ணைப் பறிக்கும் நீலம். பெட்டியின் மேல் வெளிச்ச அளவைப் பெரிய பெரிய எண்களில் போட்டிருந்தது. உன் குரல் காதில் விழுந்தது, ஏறு மொதல்ல என்று. கை பணப்பைக்குப் போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. ஆனால் முப்பது வருடம் சோதனைச்சாலையில் நின்ற மனம் கையைப் பிடித்துக்கொண்டது.

"இதைத் தெருவுல வெச்சுப் பாக்கலாமா?"

"எதுக்கு சார்?"

"ஆறு மணிக்கு."

"சார், இது புரொஜெக்டர் சார், டார்ச் லைட்டு இல்ல. இருட்டினா சூப்பரா தெரியும்."

"இருட்டற வரைக்கும் அண்ணாமலையார் எனக்காகக் காத்துக்கிட்டிருக்க மாட்டாரே" என்றேன்.

அதற்குமேல் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாட்ஜையும், உன் மாடியையும், விசிலையும் சொன்னேன். அவர் என்னைச் சாயங்காலம் வரை உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, கடையின் பக்கச் சுவரில் அந்த உள்ளங்கைப் பெட்டியைக் காட்டினார். கடலும் இல்லை, மீனும் இல்லை. சுவர் சுவராகவே இருந்தது. பெட்டியில் போட்டிருந்த எண் மட்டும் மாறாமல் இருந்தது.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒன்று வெளிச்சம் போதாமல் தோற்றது. ஒன்று வெளிச்சம் இருந்தும் பேட்டரியில் ஓடும்போது மங்கியது. கல்யாண மண்டபத்துப் பெரிய புரொஜெக்டர் பளிச்சென்று காட்டியது, ஆனால் அதைத் தூக்க ஆள் வேண்டும், வைக்க மேடை வேண்டும். "பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ தடவ வரமாட்டாங்க சார்" என்றார் கடைக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் எனக்குக் காது சுட்டது. போய்விடலாமா என்றிருந்தது. அந்த நேரத்தில்தான் மூலையில் டிபன் கேரியர் அளவில் சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பார்த்தேன். முன்பே சோதித்ததுதான். தூரத்தில் வைத்தால் மங்கல். அதை நானே தூக்கிச் சுவருக்கு அருகில் கொண்டு போனேன். படம் சிறியதாயிற்று. சிறியதாக ஆக ஆகத் தெளிந்தது. வெளிச்சம் அதேதான், பரப்பு குறைந்தால் அடர்த்தி கூடும். எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன்! எனக்கு மலை முழுவதும் தேவையில்லை. உச்சி போதும். ஒரு வாசற்கதவு அளவுக்கு உச்சி போதும்.

"முடிவா சார்?" என்றார் கடைக்காரர். நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டார்.

"ரைட்டு" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அது உன் சொல்.

"அன்னிக்கு லைவ் வரும் சார். போன்ல போட்டு இதுல குடுத்துடலாம்."

"உங்களுக்கு எந்த ஊரு?"

"ஆரணி சார். இங்க வந்து இன்னும் ஒரு தீபம் பாக்கல."

"தீபத்தன்னிக்கு இந்த ஊர்ல போன் ஹலோன்னுகூட சொல்லாதுங்க. அத்தனை ஜனம். தவிர, அது எங்கேயோ போய்ச் சுத்திட்டு வர்ற படம். ஊரே அரோகரான்னு கத்தி முடிச்ச பிறகு எங்க சுவத்துல ஏறும்." நான் கொஞ்சம் நிறுத்தினேன். போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது நினைவுக்கு வந்தது. பந்தியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே, சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் தாலி கட்டுவதைப் பார்த்து அட்சதையை இலையோரம் போட்டேன். "மேடையில தாலி கட்டறதைப் பந்திக்கு அனுப்பறீங்களே, அந்தக் கேமராவும் வயரும் உங்ககிட்ட இருக்கா? லாட்ஜ் மாடியிலேர்ந்து எங்க தெரு வரைக்கும் எட்டுமா?"

கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "சார்! அன்னிக்கு நானே வரேன் சார்."

மிச்சம் இருந்தது லாட்ஜ் முதலாளி. வெளிச்சத்தை அளந்துவிடலாம். ஒரு மனிதரிடம் போய் இது வேண்டும் என்று கேட்பதை எதைக் கொண்டு அளப்பது? முதல் நாள் வரவேற்பு மேசை வரை போய், அறை வாடகை விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுநாள் மேசையிலிருந்த பெண் என்னைக் கண்டதும், "சார், நேத்தே ரேட்டு சொன்னேனே. ஏசியா, நான் ஏசியான்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ரூம் வேண்டாம்மா. சுவர் வேணும்" என்றேன்.

அவள் முதலாளியைக் கூப்பிட்டாள். கனத்த மனிதர், நெற்றி நிறைய விபூதி. நான் யார், எந்தத் தெரு என்று சொன்னதும் முகம் இறுகியது.

"கண்டக்டர் கூட்டாளியா நீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கட்டிக்கினு இருக்கும்போது அவரு ஒருநாள் வந்தாரு. சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன். 'கட்டிக்கோங்க மொதலாளி, உங்க எடம். ஆனா மலைய எங்க எடுத்து வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க'ன்னாரு. சிரிச்சிக்கினுதான் கேட்டாரு. நானும் சிரிச்சேன். ஆனா பதில் சொல்ல வரல பாருங்க. இன்னிக்கு வரைக்கும் வரல."

நீ இதை என்னிடம் சொன்னதே இல்லையே. எப்போது போனாய்? ஏன் சொல்லவில்லை? அங்கே நின்றபடி உன்மேல் கொஞ்சம் கோபமும், அதைவிடப் பெரியதாக வேறொன்றும் வந்தது. நான் பேச ஆரம்பித்தேன். சுவரில் ஒரு சதுரத்துக்கு வெள்ளை, மாடியில் ஒரு கேமராவுக்கு மூலை, அன்று சாயங்காலம் பின்பக்கத்து அலங்கார விளக்குகளை எரிய விடாமல் இருப்பது. மூச்சு விடாமல் கேட்டு முடித்தேன்.

"வெள்ளைய நானே அடிச்சிக் குடுக்கறேன் வாத்தியாரே" என்றார் அவர். உன்னைத் தவிர வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்து தூறல். மதியம் விட்டது, ஆனால் உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. சரியான உயரத்துக்கு முருகேசன் தன் இஸ்திரி வண்டியைக் கொடுத்தார். உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அதன்மேல் புரொஜெக்டரை வைத்துச் சுவரை நோக்கி நகர்த்தினோம். கடைக்காரர் லாட்ஜ் மாடியில் கேமராவை வைத்து, அதன் வயரைக் கீழே இறக்கினார். மின்சாரத்துக்கு உன் வீட்டுக் கூடத்திலிருந்து வயர் இழுத்தேன். உன் மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள். கையில் அகல் தட்டு இல்லை.

"பாக்கறதுக்குத்தாண்ணா வந்தேன். ஏத்தறதுக்கு இல்ல" என்றாள்.

தெரு நிறைந்தது. வாசல்களில் எண்ணெய் ஊற்றிய அகல்கள் வரிசையாக இருந்தன. வீட்டு விளக்குகள் அணைந்தன. நான் பொத்தானை அழுத்தினேன். வெள்ளைச் சதுரத்தில் ஒரு சாம்பல் கூம்பு எழுந்தது. மலையின் உச்சி. மேலே மாடியில் காற்று அடித்திருக்கும், கூம்பு லேசாக நடுங்கியது.

"சார், மல ஆடுது!" என்று கத்தினார் முருகேசன்.

"மழையில நனைஞ்சி குளிருது போல. உன் இஸ்திரிப் பொட்டிய வெய்யி" என்று யாரோ சொல்ல, தெரு சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. படத்தில் மேகம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. தீபக் கொப்பரைக்குப் பக்கத்தில் ஆட்கள் புள்ளிகளாக அசைவதுகூடத் தெரிந்தது.

ஆறு மணி நெருங்கியது. அப்போது லாட்ஜின் முதுகில், மேலிருந்து கீழ்வரை, சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் பல்புகள் எரிந்தன. உள்ளே யாரோ வழக்கப்படி ஸ்விட்சைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். மலை காணாமல் போனது. வெள்ளைச் சுவரில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி வழிந்தன.

கைப்பேசியை எடுத்தேன். தீபத்தன்று அது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது, செத்த மீன்போல. "லைட்டை அணைங்க!" என்று கத்தினேன். என் குரல் எதிர்வரிசையைத் தாண்டவில்லை. எல்லாரும் கத்தினார்கள். தூரத்தில் கோவில் பக்கத்து இரைச்சலில் எல்லாம் கரைந்தது. அந்தச் சில கணங்களில் நான் பழைய ஆளாகிவிட்டேன். எனக்கெதற்கு இது, யார் என்னைக் கேட்டார்கள், என் மனைவி அப்போதே சொன்னாளே என்று உள்ளே ஓடியது. உன் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் முழங்கையை யாரோ தட்டினார்கள். அவள்தான். நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்றை என் கையில் வைத்தாள். உன் விசில். பித்தளை தேய்ந்து வெளுத்திருந்தது. அவள் கைச்சூடு அதில் இருந்தது.

"ஒண்ணு ஊதினா நிக்கும். ரெண்டு ஊதினா போவும். எங்க வூட்ல இதான் சட்டம்" என்றாள். "நின்னுக்கினு யோசிக்காதீங்கண்ணா. ஊதுங்க."

ஊதினேன். ஒரே ஒரு முறை, நீளமாக, நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் கொடுத்து. என் வாழ்நாளில் நான் எழுப்பிய மிகப் பெரிய சத்தம் அதுதான். தெரு கப்பென்று அடங்கியது. லாட்ஜ் மாடியின் கைப்பிடிச் சுவருக்கு மேல் முதலாளியின் தலை எட்டிப் பார்த்தது. நான் பல்புகளைக் கையால் காட்டினேன். தலை மறைந்தது. உள்ளே ஏதோ அதட்டல் கேட்டது. சிவப்பும் பச்சையும் அணைந்தன.

மலை திரும்பி வந்தது. முன்னைவிடக் கறுத்து, தெளிந்து, மேகம் ஒன்றுமில்லாமல். வானம் அதன் பின்னால் வெளிர் ஊதாவாக இருந்தது. தெரு முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், கோலைப் பிடித்தவர்கள், மாடி ஏறவே முடியாத அத்தனை பேரும்.

உச்சியில் ஒரு பொறி. அது பொறியா கண் தண்ணீரா என்று நான் சந்தேகப்படும் முன்பே அது நிமிர்ந்து தீயாக நின்றது. அதே கணத்தில் கோவில் பக்கமிருந்து வெடிச்சத்தமும் லட்சம் தொண்டைகளின் அரோகராவும் வந்தன. ஒரு நூல்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. ஆனால் நம் தெருவில் யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. எல்லாரும் சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

பிறகு இரண்டு முறை ஊதினேன்.

"அண்ணாமலையாரு ரைட்டு குடுத்துட்டாரு!" உன் சொல்லை நான் கத்தினேன். "ஏத்துங்கம்மா!"

அரோகரா என்று தெரு எழும்பியது. வாசலுக்கு வாசல் சுடர் ஓடியது. முருகேசன் என்னைத் தூக்கியே விட்டார். என் மனைவி அகலை ஏற்றிக்கொண்டே, "எறக்கிட்டாருய்யா, எம் புருசன் மலையையே எறக்கிட்டாரு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படிச் சொன்னாள். அதே பக்கத்து வீடுதான்.

நான் உன் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. மனம் துணுக்கென்றது. ஒரு கணம்தான். கதவுக்குள்ளிருந்து அவள் மெல்ல வந்துகொண்டிருந்தாள். கையில் தட்டு. தட்டு நிறைய அகல்கள், எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, எல்லாம் தயாராக. ஏற்றப் போவதில்லை என்று சொன்னவள் மத்தியானமே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறாள். படியில் உட்கார்ந்து முதல் அகலை ஏற்றினாள். இந்த முறை தெருவிலேயே கடைசி விளக்கு அது. ஏற்றிவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தினி வருசமும் அவரு சொன்னாருன்னு ஏத்தினேன்" என்றாள். "இன்னிக்குத்தாண்ணா கண்ணால பாத்து ஏத்தறேன்."

லாட்ஜ் முதலாளி எப்போது கீழே வந்தாரோ தெரியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் சுவரைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றிருந்தார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அவர் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டே நிற்பவன் என்று என்னைக் கடைசி வரை கிண்டல் செய்தாயே, அந்த யோசனை இல்லாவிட்டால் நான் முதல் நாளே அந்த மீன் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து வெறும் சுவரைக் காட்டியிருப்பேன். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, நீ என்ன பதில் சொல்கிறாய் என்று பார்க்க ஆசை. "சரி வாத்தியாரே, யோசிச்ச. ஆனா ஊதினது யாரு சொல்லி?" என்பாய்.

விசிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உன் மனைவி வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. அடுத்த வருசம் தேடக் கூடாது" என்றாள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குனியும்போதெல்லாம் பேனாவில் மோதிச் சின்னதாக ஒலிக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்தெருவிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் பக்கமும் ஒரு பெரிய கட்டடம் எழும்பிவிட்டதாம், உச்சி மறைந்துவிட்டதாம். அடுத்த தீபத்துக்கு எங்க தெருவுக்கும் காட்டுவீங்களா சார் என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்ற வார்த்தை வழக்கம்போலத் தொண்டை வரை வந்தது. அதற்குள் அவர்களில் ஒருவர் மேசைமேல் இருந்த புரொஜெக்டரை ஆசையாகத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு கனம் கம்மியா என்று தோளில் வைத்துக்கொண்டார்.

பை ஏறிவிட்டது. "ரைட்டு" என்று சொல்லிவிட்டு, அந்தத் தெருச் சுவரில் எத்தனை மணிக்குப் பொழுது சாய்கிறது என்று பார்க்க, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நானும் கிளம்புகிறேன்.